குழாய்ப் பக்கம்

எங்கள் ஊரின் பெயர் ஹாஸ்கட் சாண்ட்ஸ். பெயரில் மணல் இருக்கிறது. கரையில் இருப்பது கூழாங்கல். கடல் நன்றாக உள்வாங்கினால் ஒரு பாய் அளவுக்கு மணல் தெரியும், அதையும் அடுத்த அலை வந்து மூடிவிடும். இந்தக் கல்லை நான் இருபது வயதிலிருந்து வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். குளிர்காலத்துக் கடல் கல்லையெல்லாம் கிழக்கே தள்ளிவிடும். வசந்தத்தில் நாங்கள் லாரியில் அள்ளி மேற்கே கொண்டுவந்து கொட்டுவோம். மறுபடி குளிர்காலம் வரும். என் முதுகுக்கு மட்டும் இது பழகவே இல்லை.

பக்கத்துப் பெரிய ஊரோடு எங்களைச் சேர்த்து எண்ணினால் இங்கே கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காது. நகராட்சி ஒன்றுதான், சாக்கடை ஒன்றுதான், ஆனாலும் நாங்கள் வேறு. இது ஹார்கோர்ட் கர்னல் காலத்துப் பழக்கம். சதுப்பு நிலத்தைச் சல்லிசாக வாங்கி, தன் மூன்று பெண்களின் பெயரில் மூன்று சாலை போட்டு, பணக்காரர்களுக்கு வீடு கட்டி விற்றார் அந்த மனுஷன். விற்கும்போதே பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்: கடலைப் பார்த்த எந்த வீட்டிலும் துணி காயக் கூடாது. அப்புறம் அவ்வளவு பேருடைய துணியும் எங்கே காயும்? ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சலவைக்கூடம் வந்தது. சலவைக்காரிகள் குடியிருக்க ஒரு தெரு வந்தது. அதற்குச் சட்டப்படி வேறு பெயர் உண்டு. எல்லோரும் சோப்புத் தெரு என்பார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். என் மனைவி நெல் அங்கேதான் முப்பது வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ஊர்க்காரர்கள் உள்ளே வராதபடி சாலைக்குக் குறுக்கே சங்கிலி கட்டுவார்களாம். அந்தச் சங்கிலி இன்னும் எங்கள் நகராட்சி யார்டில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ரயில் இங்கே நிற்கக் கூடாதென்று மனுப் போட்டு ஜெயித்தார்கள். உலகச் சண்டைக் காலத்தில் கரை முழுக்க முள்கம்பி போட்டது ராணுவம். அதையும் வெளியாள் வராமல் இருக்க என்று நினைத்துச் சிலர் சந்தோஷப்பட்டதாக என் அப்பா சொல்வார். பிறகு ஜனங்கள் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளப் பழகினார்கள். கடலோர ஓட்டல்கள் ஒவ்வொன்றாக முதியோர் இல்லமாயின. சலவைக்கூடத்தில் இப்போது கார் டயர் விற்கிறார்கள்.

மிச்சம் இருப்பது கரையில் வரிசையாக நிற்கும் மரப் பெட்டிகள். கடலோர வீட்டுக்காரர்களான மேல்பக்கத்தார் குடில் என்பார்கள். தூக்கி வைக்கிற எங்களுக்கு அது பெட்டிதான். ஓர் ஆள் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். உள்ளே ஓர் அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டியது. அதற்குத்தான் இவ்வளவு பாடும். இலையுதிர் காலத்தில் கிரேன் வைத்து எல்லாவற்றையும் தூக்கி யார்டுக்குக் கொண்டுபோவோம். இல்லாவிட்டால் கடல் கொண்டுபோய்விடும். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று திரும்பக் கொண்டுவந்து வரிசையாக வைப்போம்.

வரிசைக்கு ஒரு தலை உண்டு, ஒரு வால் உண்டு. சாலையிலிருந்து சிமெண்டுச் சரிவு இறங்கும் இடம் தலை. அங்கே பழைய குடும்பங்கள். சாக்கடைக் குழாய் கடலில் இறங்கும் இடம் வால். அங்கே நாங்கள். சரிவிலிருந்து எங்கள் பெட்டிக்குக் கூழாங்கல்மேல்தான் நடக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கால் கணுக்கால் வரை புதையும். எடுத்த காலை வைத்தால் வைத்த இடத்தில் நிற்காது.

நெல்லுக்கு இடுப்பு போய்விட்டது. போன கோடையின் ஆரம்பத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சில நாள் வந்தாள். பிறகு ஒரு நாள் பாதி வழியில் நின்று, "போதும் லென். திரும்பு," என்றாள். அதற்கப்புறம் வரவில்லை. வீட்டிலிருந்தால் கடல் தெரியாது. ரயில் பாதை மேடுதான் தெரியும்.

கல்லின்மேல் பலகை போட்டுத் தரச் சொல்லிச் சோப்புத் தெருக்காரிகள் கேட்காத வருஷமில்லை. குடில் சங்கத்தின் செயலாளர் மிஸ் ஹார்கோர்ட், கர்னலின் மகன் வழிப் பேத்தி. எண்பதை நெருங்கும் கன்னிப் பெண்மணி, கைத்தடி மாதிரி நேராக இருப்பார். போன கோடையில் நானே போய்க் கேட்டேன்.

"பலகையா?" என்றார், வழக்கம்போல் என் குடும்பப் பெயரைச் சொல்லி. "டப்பன், கரைன்னா கரை மாதிரி இருக்கணும். மரக்கடை மாதிரி இருக்கக் கூடாது. எங்கப்பா இருந்தா சம்மதிச்சிருப்பாரா?"

அவருடைய அப்பா செத்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் சங்கத்தில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

பிப்ரவரியில் நெல் சொன்னாள்: "இந்த ஈஸ்டருக்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம். விட்டுடலாம்."

பெட்டியை விடுவது சுலபம். ஈஸ்டர் சனிக்கிழமை சங்கத் தலைவர் கைமணி ஆட்டிக்கொண்டு வரிசை முழுக்க நடப்பார். அவர் வாசலைக் கடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே கெட்டில் கொதிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெட்டி காத்திருப்பவர்களில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. மணி கடந்து கெட்டில் கொதித்துவிட்டால், இலையுதிர் காலம் வரை பெட்டியை இருந்த இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. முன்னொரு காலத்தில் பாதிரியார் பெட்டியும் டாக்டர் பெட்டியும் இடம் மாறிப்போய், இருவரும் நீதிமன்றம் வரை போய், ஊர் சிரித்திருக்கிறது. இனிமேல் அப்படி வேண்டாமென்று மிஸ் ஹார்கோர்ட்டின் அப்பா போட்ட விதி அது.

"அவசரப்படாதே," என்றேன் நெல்லிடம்.

"அவசரமா? எனக்கா? கழிப்பறைக்குப் போகவே கால் மணி நேரம் ஆகுது."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்றும் கிடையாது. பிள்ளைகள் தூரத்தில். கோடையில் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெட்டி வின்னியோடு ஊரையே பிரித்து மேய்ந்துவிட்டு வந்தால்தான் குளிர்காலத்தைத் தாண்டுவாள்.

பெரிய வியாழன் வந்தது. மழை தூறியது. நானும் என் கூட்டாளி பெர்ஸ் ஏக்ஹர்ஸ்டும் விடிந்ததிலிருந்து பெட்டிகளைக் கிரேன் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே பச்சைக் கதவு. எங்கள் பக்கத்தார் கண்டபடி வண்ணம் அடித்து வரிசையைக் கெடுத்துவிடக் கூடாதென்று சங்கம் போட்ட உத்தரவு. எண்ணும் கிடையாது, எண் போட்டால் சிறைச்சாலை போல இருக்குமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதையும் சனிக்கிழமைதான் வெளியே மாட்டுவார்கள். யார்டில் எந்த வரிசையில் நிற்கிறதோ அந்த வரிசையில் எடுத்து வைப்போம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

கிரேன் பெரிய ஊரிலிருந்து வாடகைக்கு வருவது. மத்தியானம் அது போன பிறகு பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சரிவிலிருந்து மூன்றாவது பெட்டியின் பூட்டில் நீலக் கம்பளி நூல் கட்டியிருந்தது. நெல் கட்டிய நூல். பெட்டி அடையாளம் தெரியாமல் நான் தடுமாறக் கூடாதென்று கட்டியது.

நான் பெர்ஸைக் கூப்பிட்டேன்.

"இது என் பெட்டி."

"உன் பெட்டி குழாய்ப் பக்கம்ல இருக்கும்."

"அதான் நானும் சொல்றேன்."

பெர்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். ஜனவரிப் புயலில் யார்டுக் கூரைத் தகடு பறந்தபோது நனைந்த இரண்டு பெட்டிகளை அவசரமாக இழுத்து ஒதுக்கினோம். திருப்பி வைத்தது பெர்ஸ்.

"அப்போ மூணாவது இடத்துப் பெட்டி எங்கே?" என்றான்.

இரண்டு பேரும் குழாய்ப் பக்கம் பார்த்தோம். சரிவிலிருந்து மூன்றாவது, கர்னல் காலத்திலிருந்து ஹார்கோர்ட் குடும்பத்து இடம்.

"அடக் கடவுளே," என்றான் பெர்ஸ். அவன் கடவுளைக் கூப்பிடுவது அபூர்வம். "லென், கிரேன் போயிடுச்சு. நாளைக்குப் பெரிய வெள்ளி, ஒருத்தனும் வரமாட்டான். சனிக்கிழமையும் வரமாட்டான். கையால தூக்கலாம்னு மட்டும் சொல்லாதே."

"சொல்லலை."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் இதைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீர்ல வைக்கப் போறேன்."

மறுநாள் காலை மிஸ் ஹார்கோர்ட் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாமென்று தொப்பியை எடுத்தேன். அதற்கு முன்னால் நெல்லிடம் சொன்னேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"சரிவுக்குப் பக்கத்துலயா?"

"மூணாவது."

"கல்லுல எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"நடக்கவே வேண்டாம். சிமெண்டு முடியற இடத்துலயே படி."

அவள் விரலில் ஒட்டிய வெண்ணெயைத் துடைத்தாள். பிறகு, "நீ போய்ச் சொன்னா கிரேன் வருமா?" என்றாள்.

"வராது."

"அப்போ தொப்பியைத் திரும்ப மாட்டு."

"நெல், அந்த அம்மாவுக்கும் வயசாச்சு."

"தெரியும். அவங்க போர்வையை முப்பது வருஷம் துவைச்சேன். அவங்க எப்போ முதுகுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பிச்சாங்கன்னு அவங்க டாக்டருக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்." கத்தி மறுபடி ஓடியது. "சனிக்கிழமை அவங்க வந்து ‘எழுந்திரு’ன்னா எழுந்துடறேன். அதுவரைக்கும் உட்காருவேன். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டுப் போறேன்."

சனிக்கிழமை வெயில் அடித்தது. நெல் தடியை ஊன்றிக்கொண்டு சரிவில் தானே இறங்கினாள். என் தோளைத் தொடவில்லை. கதவைத் திறந்தாள், மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலை ஏற்றினாள். பிறகு ஆணியில் எங்கள் பெயர்ப் பலகையை மாட்டினாள். எங்கள் பெட்டியின் பெயர் ‘ஈரத்துணி’. கர்னலின் பத்திரத்தைக் கிண்டல் பண்ணிப் பல வருஷத்துக்கு முன்னால் அவள் வைத்த பெயர். குழாய்ப் பக்கத்தில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இங்கே, கடலோர வீடுகளின் ஜன்னலுக்கு நேராக ‘ஈரத்துணி’ காற்றில் ஆடியது.

மிஸ் ஹார்கோர்ட் வந்தார். கையில் கூடை, கூடையில் வெள்ளைத் துணி போர்த்திய பிஸ்கட். பலகையைப் பார்த்தார். நெல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டப்பன், இது என்ன?"

"பெட்டி மாறிப்போச்சு, மிஸ். புயல்ல ஒதுக்கினது. வியாழக்கிழமை கிரேன் போனப்புறம்தான் பார்த்தேன்."

"என்னுடையது எங்கே?"

நான் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்தார். நெல் நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றாள்.

அதற்குள் சங்கத் தலைவர் மேஜர் பிளெய்ன் மணியோடு வந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், காது மந்தம். விஷயம் புரிந்ததும், "ஒண்ணும் கவலைப்படாதீங்க மிஸ் ஹார்கோர்ட்," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "மணியை அடுத்த வாரம் வெச்சுக்கலாம். கிரேனை வரச் சொல்லி மாத்திடலாம். இதுல என்ன இருக்கு?"

அதோடு முடிந்துவிட்டதென்று நினைத்தேன். நெல் முக்கால்வாசி எழுந்திருந்தாள்.

"மணியைத் தள்ளி வைக்கறதா?" என்றார் மிஸ் ஹார்கோர்ட். "கரையில முள்கம்பி இருந்த வருஷம்கூட எங்கப்பா சாலையில நின்னு ஆட்டினார். தள்ளி வைக்கலை. மேஜர், நீங்க மெதுவா வாங்க. குழாய்ப் பக்கம் வரும்போது என் கெட்டில் கொதிச்சிருக்கும்."

"அவ்வளவு தூரம் கல்லுல..." என்றார் மேஜர்.

"எனக்குக் கால் இருக்கு."

கூடையோடு கல்லில் இறங்கினார். பெர்ஸ் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைக் கவனிக்காத மாதிரி தாண்டிப் போனார். ஓரடி வைப்பார், கல் சரியும், நிற்பார், மறுபடி ஓரடி. வரிசையில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். மேஜர் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் தேவையில்லாமல் பேச்சுக் கொடுத்து நேரத்தைக் கடத்தினார். அவர் நல்ல மனுஷர் என்று சொன்னேனே. வாலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மிஸ் ஹார்கோர்ட்டின் தீப்பெட்டி நமுத்துப்போய், வின்னி தன் தீப்பெட்டியைக் கொடுத்து, கெட்டில் அப்போதுதான் ஆவி விட ஆரம்பித்திருந்ததாம். மணி அடித்தது. அந்த வருஷத்துக்கு எல்லாம் முடிவானது.

நெல்லுக்குக் கடல் கிடைத்தது. முதல் வாரம் முழுக்கச் சின்னப் பெண் மாதிரி இருந்தாள். இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பக்கத்துப் பெட்டி மிஸஸ் பிம் இன்னிக்கு என்கூடப் பேசினாங்க," என்றாள்.

"என்னன்னு?"

"நல்ல வெயில்னு."

"நேத்து?"

"நேத்தும் நல்ல வெயில்தான். மழை பெஞ்சா என்ன சொல்வாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

வின்னியால் அவ்வளவு தூரம் கல்லில் மேலே வர முடியாது. அவளுக்கு முழங்கால். நெல்லால் அங்கே போக முடியாது. அங்கிருந்து அவர்கள் சிரிக்கிற சத்தம் காற்று அடித்தால் கேட்கும். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது கேட்காது. அதைவிடக் கஷ்டம் இன்னொன்று. தினமும் காலையில் மிஸ் ஹார்கோர்ட் கூடையோடு நெல்லின் வாசலைக் கடந்து கல்லில் இறங்குவார். மாலையில் அதே வழியில் திரும்புவார். முகத்தைத் திருப்ப மாட்டார். அவருடைய பெட்டியை மூடிப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வந்தார்.

"நான் உட்கார்ந்து தேநீர் குடிக்கறேன், அவங்க கல்லுல தள்ளாடறாங்க," என்றாள் நெல். "தேநீர் தொண்டைல இறங்க மாட்டேங்குது. இதையா நான் கேட்டேன்? ஒரு பலகை கேட்டேன். அவ்வளவுதானே கேட்டேன்?"

ஜூன் மாதத்தில் மிஸ் ஹார்கோர்ட் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு பிசகியது. கல்லின்மேல் உட்கார்ந்தபடியே, தூக்க வந்த பெர்ஸிடம், "நான் உட்கார்ந்திருக்கேன். விழலை," என்றாராம். பெர்ஸும், "ஆமாம் மிஸ், நல்ல இடம்," என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டானாம். அவர் எழத் தயாராகும் வரை இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டார். "யார்டுல கிடக்கற பழைய ரயில் தண்டவாளக் கட்டையெல்லாம் ஏத்துங்க. சரிவுலேருந்து குழாய்ப் பக்கம் வரைக்கும் பாதை போடணும். சங்கத்துலேருந்து சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னாங்க?" என்றான் பெர்ஸ்.

"செயலாளர்."

பெர்ஸ் காறித் துப்பினான். "எங்கம்மா கேட்டா. என் அக்கா கேட்டா. சோப்புத் தெரு பூரா கேட்டுது. இந்த அம்மா ஒரு தடவை விழுந்துது, கட்டை வந்துடுச்சு."

"விழலை, உட்கார்ந்தாங்க," என்றேன்.

"நீ ஒருத்தன்."

வாரம் முழுக்கக் கட்டை சுமந்தோம். ஒவ்வொன்றும் பிணக்கனம். கல்லைச் சமன்படுத்தி, கட்டையைப் பதித்து, கம்பி அடித்து இறுக்கினோம். பாதை மிஸ் ஹார்கோர்ட்டின் படியில் போய் நின்றது, அதற்கு மேல் ஓரடிகூட இல்லை. அவர் பெட்டி இருந்த இடம் எங்கள் பழைய இடம். அதற்கடுத்தது பெர்ஸின் பெட்டி, அவன் வாசலுக்குப் பாதை எட்டவில்லை. அதற்கும் அவன் துப்பினான்.

முடிந்த அன்றைக்கே நெல் மேலே கதவைப் பூட்டிவிட்டுத் தடியைத் தட்டிக்கொண்டு கட்டைமேல் நடந்து போனாள். அதற்குப் பிறகு தினமும் கெட்டில் வைக்க மட்டும் மேலே, மற்றதெல்லாம் கீழே. வின்னியின் வாசலில் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு மாலை வேலை முடிந்து நெல்லைக் கூட்டிவரப் போனேன். குழாய்ப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடல் நத்தையைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் வேகவைத்து, குண்டூசியால் குத்திச் சுழற்றி எடுத்துத் தின்போம். மேல்பக்கத்தார் அதைக் கண்டால் மூக்கைப் பொத்துவார்கள். அன்று வின்னி, நெல் இருவருக்கும் நடுவே மிஸ் ஹார்கோர்ட் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துணி, கையில் குண்டூசி.

"குத்தினா போதாது மிஸ், திருப்பணும்," என்று நெல் சொல்லிக்கொண்டிருந்தாள். "சாவி மாதிரி."

"சின்ன வயசுல இந்தப் பக்கம் வரவே விடமாட்டாங்க," என்றார் மிஸ் ஹார்கோர்ட். நத்தை வழுக்கிக் கல்லில் விழுந்தது. "இன்னொண்ணு கொடு."

என்னைப் பார்த்ததும் குண்டூசியைத் துணிக்கடியில் மறைத்தார். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் பெட்டிகளைத் தூக்கினோம். கட்டைகளையும் பெயர்த்து யார்டில் அடுக்கினோம். மேஸ்திரி அடுக்கைக் காலால் தட்டிப் பார்த்தார். "வர்ற வருஷம் அந்த அம்மா மேலே அவங்க இடத்துக்குப் போயிடுவாங்க. பாதை தேவையில்லை. அறுத்து விறகாக்கிடலாம், குளிர்காலம் முடியட்டும்."

வீட்டில் சொன்னேன். நெல் ஆச்சரியப்படவில்லை.

"அப்போ நான் பழைய இடத்துக்குப் போவேன், பாதை இருக்காது," என்றாள். "சரி. ஒரு கோடை கிடைச்சுதே. பெட்டியை விட்டுடலாம் லென். இந்தத் தடவை நிஜமா."

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. கல் கிழக்கே போனது. லாரியில் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினோம்.

பெரிய வியாழனுக்கு முந்திய நாள் யார்டில் பெட்டிகளின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அந்த யார்டுக்குள் ஹார்கோர்ட் குடும்பத்தார் யாரும் கால் வைத்ததாக எனக்கு நினைவில்லை. மிஸ் ஹார்கோர்ட் சேற்றைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, கட்டை அடுக்குக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த சங்கிலியையும் பார்த்தார். அது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"டப்பன், போன வருஷம் இங்கே ஒரு தப்பு நடந்துது."

"நடந்துது, மிஸ்."

"யார் பண்ணது?"

பெர்ஸ் தன் பூட்ஸைப் பார்த்தான். "புயல், மிஸ்."

"இந்த வருஷம் புயல் அடிக்கலையே."

"இல்லை, மிஸ்."

அவர் தடியால் கட்டையை ஒரு தட்டுத் தட்டினார். "மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். இதை அறுக்கப் போறதில்லை. என் வாசல் வரைக்கும் பாதை போடணும்னு சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என் பெட்டிக்குள்ள ஒரு குண்டூசி டப்பா இருக்கு. வைக்கும்போது கொட்டிடாம வைங்க."

பெட்டி என்றார். குடில் என்று சொல்லவில்லை. மேல்பக்கத்தில் குண்டூசிக்கு என்ன வேலை? அவர் திரும்பிச் சேற்றில் மெதுவாக நடந்து போனார்.

பெர்ஸ் தார்ப்பாயை உதறி மடித்தான். பிறகு, "சரி, அந்த அம்மா உன் இடத்துல. நெல் மறுபடி மேலே. அப்படித்தானே?" என்றான்.

"நெல்லுக்கு மேலே வேண்டாம். பாதை இருந்தா போதும். வின்னிகிட்ட உட்காரணும், அவ்வளவுதான் கேட்கறா."

"கீழே இடம் எங்கே இருக்கு? இருக்கறது அந்த அம்மா நின்ன இடம், அதுக்கடுத்து என்..." பேச்சு நின்றது. "லென், வேண்டாம்."

"பாதையை இன்னும் நாலு கட்டை நீட்டினா உன் இடத்து வாசலுக்கு வந்துடும். நெல் நடந்துடுவா."

"கோடை பூரா மேலே மேஜருக்கும் மிஸஸ் பிம்முக்கும் நடுவுல கழுத்துப்பட்டி கட்டிக்கிட்டு நான் உட்காரணுமா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

"போன வருஷம் பண்ணினியே."

"என் பொண்டாட்டி சந்தோஷப்படுவா. அதான் பயமா இருக்கு. ஜன்னல் துணி தைக்க ஆரம்பிச்சுடுவா."

"‘நல்ல வெயில்’னு சொல்லிப் பழகிக்க. வேற எதுவும் தேவைப்படாது."

அவன் என்னைத் திட்டினான். எழுதக்கூடிய திட்டு அல்ல. திட்டிக்கொண்டே கட்டையின் ஒரு முனையைப் பிடித்தான். நான் மறுமுனையைப் பிடித்தேன். போன வருஷத்தைவிடக் கனமாக இருந்தது.

"தூக்கு," என்றேன்.